உடம்பு சரியில்லை என்று சொல்லும் வழக்கம்

1

போன வெள்ளிக்கிழமையோடு நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனது. டென்மார்க்கில் இப்படி ஒரு நாள் வந்தால், அந்த நாளுக்கு உரியவர்தான் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். காலையில் கேக், மூன்று மணிக்கு பீர். கேக் எனக்குப் பெரிய விஷயமில்லை. கேசரியைத் தட்டில் கொட்டி வில்லை போட்டுக் கொண்டுபோனால் அதையும் கேக் என்றுதான் சொல்லிச் சாப்பிடுவார்கள். பீர்தான் என்னைப் படுத்தியது.

வியாழக்கிழமை மகளை மழலையர் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். இங்கே பால் தயிருக்கு எதிர் வரிசையிலேயே பீர் இருக்கிறது. கம்பித் தடுப்பு இல்லை, சட்டைக்குள் செருகிக்கொண்டு போகிறவர்கள் இல்லை. இருந்தாலும் நான் முதலில் இரண்டு பக்கமும் பார்த்தேன். இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவர்களில் யாராவது வந்துவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். அதற்குள் நான்கு வயது இனியா அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து, அதன் டேனிஷ் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். நான் மெதுவாகத் திருப்பிச் சொன்னபோது, "அப்படி இல்லம்மா, உதட்டைக் குவிக்கணும்" என்று திருத்தினாள். பீர் என்ற சொல்லை என் மகளிடம் உதட்டைக் குவித்துக் கற்றுக்கொள்வேன் என்று நான் நினைத்ததில்லை.

எத்தனை புட்டி வாங்குவது என்று தெரியாமல் கணவருக்கு போன் செய்தேன். அவர் கும்பகோணத்துக்காரர், குடியைத் தொட்டதில்லை. "ஆளுக்கு ரெண்டுன்னு வச்சுக்க. மிச்சம் வந்தா அங்கயே விட்டுட்டு வந்துரு, வீட்டுக்குக் கொண்டாந்துராத" என்று சிரித்தார்.

நான் வேலை செய்வது குடிநீரைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில். வெள்ளிக்கிழமை மூன்று மணியானால் கருவிகளை அணைத்துவிட்டு எல்லோரும் சாப்பாட்டு அறைக்கு வருவார்கள். எங்கள் மேலாளர் மெட்டே, ஐம்பது வயதுப் பெண்மணி, தானே புட்டிகளைத் திறந்து கொடுப்பார். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிறகு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை அந்த மணம் வந்ததுமே என் கை தானாகப் பையைத் தேடியது. குழந்தையை அழைக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மாதக் கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் நான் வேண்டாதவளாகத் தெரியவில்லை, வேண்டியவளாகவும் இல்லை. திங்கட்கிழமை அவர்கள் சிரிக்கிற எதற்கும் எனக்குக் காரணம் தெரியாது.

2

என் அப்பா லஸ்கர். ஊரில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாய்க்கால் மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற அரசாங்க வேலை. பேராவூரணிக்கு மேற்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி எங்களுடையது. அங்கே முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்ததற்கு இத்தனை நாள்.

அப்பாவின் தகப்பனார் காலம் வரை எங்கள் வீட்டு ஆட்கள் பிறர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். அப்பாவின் கையில்தான் முதல் முறையாக ஷட்டரைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி வந்தது. அதற்கு முன் எங்களை வாசலோடு நிறுத்திப் பேசியவர்கள், வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்தி "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கொஞ்சம் கூட ஏற்றிவிட வேண்டும், அரை நாள் கழித்து இறக்க வேண்டும் என்றால், மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். "லஸ்கரைக் கவனிச்சாச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். கவனிப்பது என்றால் அதுதான். வேலை நடக்கும் இடத்திலேயே, மதகுச் சுவரின் மேலேயே கொடுப்பார்கள். அது அவருக்கு மரியாதையாகவும் இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மகள் என்பதால் சாக்குச் சொல்கிறேனோ, அதுவும் தெரியவில்லை.

அப்பா எழுந்திருக்க முடியாத நாட்களில் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். அம்மா கதவை ஒருக்களித்துக்கொண்டு, "அவருக்கு உடம்பு சரியில்லைங்க" என்பாள். வந்தவருக்கும் தெரியும். நேற்றுக் கவனித்தவரே அவராகவும் இருக்கலாம். "சரிம்மா, கைப்பிடியக் குடு, நாங்களே தூக்கிக்கிறோம். வெந்நி வச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போவார். குடித்திருக்கிறார் என்று ஒருவர்கூட எங்கள் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆறாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு அப்பாவின் விண்ணப்பங்களை நான்தான் எழுதினேன். உடல்நலக் குறைவு காரணமாக. அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பொதுப்பணித் துறையின் செக்‌ஷன் ஆபீசுக்குப் போவேன். அங்கே இருந்த எழுத்தர் ஒருநாள் வாங்கிப் படித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆமா, உங்கப்பாவுக்கு மட்டும் திங்கக்கெழம திங்கக்கெழம காய்ச்சல் வருதே, டாக்டர்ட்ட காட்டக் கூடாதா?" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் திட்டாமல் வாங்கிக்கொண்டாரே என்ற நிம்மதி எனக்கு.

ஒரு வருடம், முறை நாளில் மதகு திறக்காமல் போய் கடைசி வயல்களில் ஒரு நாற்றங்கால் காய்ந்தது. அந்த வயலுக்குரிய அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தாள். ஏசப் போகிறாள் என்று நான் உள்ளே போய் நின்றுகொண்டேன். அவள் ஏசவில்லை. "லஸ்கருக்கு இப்ப ஒடம்பு தேவலாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மா அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். நான் அது என்னவென்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

3

இனியா வயிற்றில் இருந்தபோது மருத்துவச்சியிடம் போனோம். இங்கே முதல் சந்திப்பிலேயே ஒரு நீண்ட படிவம். வாரத்துக்கு எவ்வளவு மது அருந்துகிறீர்கள்? இல்லை. கணவர்? இல்லை. அந்தப் பெண் புன்னகையோடு டிக் செய்துகொண்டே வந்தார். அடுத்த கேள்வி: நீங்கள் வளர்ந்த வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம் இருந்ததா?

நான் புரியாதது போல மறுபடி கேட்டேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என் கணவர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து அவர் கேட்பதும், "மாமாவுக்கு உடம்பு எப்படியிருக்கு?" என்றுதான்.

இல்லை என்றேன். அதிலும் ஒரு டிக் விழுந்தது. வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, உண்மையைச் சொல்லியிருந்தால் குழந்தைக்கு ஏதாவது நல்லது செய்திருப்பார்களோ என்று பயம் வந்தது. சொல்லியிருந்தால் குழந்தையை நம்மிடமிருந்து பிரித்திருப்பார்களோ என்றும் வந்தது. இரண்டையும் கணவரிடம் சொல்லவில்லை.

4

ஆய்வகத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் ஹென்னிங். வேனை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நீர் மாதிரிகளை எடுத்து வருவது அவர் வேலை. அறுபதை நெருங்கியவர். நான் தஞ்சாவூர் என்று சொன்னபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி என்றதும் இவர் மட்டும் நிமிர்ந்து, டேனிஷ்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைச் சொன்னார். பள்ளியில் படித்த ஞாபகமாம். நான் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய், பேருந்திலேயே வாந்தி எடுத்து, டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைச் சரியாகப் பார்க்காமல் வந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு என் எதிரில்தான் உட்காருவார். என் எலுமிச்சம் சாதத்தில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பதிலாக எனக்கு இரண்டு சொற்கள் கற்றுக்கொடுப்பார்.

அவர் எப்போதும் உப்பு போட்ட கறுப்பு மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கியிருப்பார். இந்த நாட்டுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாதிரிப் பெட்டிகளை வாங்கும்போது அந்த மிட்டாய் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்பாவும் பாக்கு மென்றுகொண்டுதான் வீட்டுக்குள் வருவார்.

அடுத்த வாரம் ஹென்னிங் வேனுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார். மாதிரிகள் வரவில்லையே என்று மெட்டே என்னைக் கேட்டார். என் வாய் யோசிக்கவே இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். டேனிஷில் அதற்கு ஒரே ஒரு சிறிய சொல். சரியாக உச்சரித்துவிட்ட பெருமைகூட அந்தக் கணத்தில் இருந்தது. மெட்டே என்னை நம்பி, அவரை டாக்சியில் வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் அவர் வீட்டுக்கு ஆய்வகத்தின் பெயரில் பூங்கொத்து போனது. வாழ்த்து அட்டையில் எல்லோரோடும் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் இன்னும் இரண்டு முறை அப்படிச் சொன்னேன். இரண்டு முறையும் பூங்கொத்து போனது. ஹென்னிங் எனக்கு நன்றி சொல்லவில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் என் பக்கம் தள்ளிவைத்தார். எனக்கும் போதும் என்றிருந்தது. ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நம்பினேன். இந்த நாட்டில் எனக்குச் செய்யத் தெரிந்த உதவி ஒன்று இருக்கிறது என்றுகூட.

பிறகு ஒரு காலை. எட்டரை மணி. ஹென்னிங் என்னிடம் கையாட்டிவிட்டு வேனைக் கிளப்பினார். காலிப் பெட்டிகளைக் கொடுத்தபோதே அன்று மணம் அதிகம். ஆய்வகத்துக்கு வெளியே சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடு. அதில் மழலையர் பள்ளிக் குழந்தைகள் மஞ்சள் மேல்சட்டை போட்டு, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கடந்துகொண்டிருந்தார்கள். இனியாவின் பள்ளி இல்லை, வேறொன்று. வேன் நின்றது. ஒழுங்காகத்தான் நின்றது. கடைசிக் குழந்தை கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்து எதையோ பொறுக்கியது. வேன் அதற்காகவும் காத்திருந்து, பிறகுதான் போனது. ஒன்றுமே நடக்கவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன்.

மெட்டேயின் அறைக்குப் போனேன். அந்த வாக்கியத்துக்கு டேனிஷில் எனக்குச் சொல் இல்லை. ஹென்னிங்கிடம் மணம் வருகிறது, காலையில் வருகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மெட்டே உடனே போனை எடுத்து, வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இன்னொருவரை அனுப்பினார். அதன்பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூன்று முறை உடம்பு சரியில்லை என்று சொன்னாயே?"

"எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அவருக்கு உடம்பு சரியில்லைதான். இது நோய். நோய் என்பதால்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

அதே சொல். நாங்கள் ஒரு விஷயத்தை மூட வைத்திருந்த சொல்லை அவர் திறப்பதற்குப் பயன்படுத்தினார். எனக்கு அன்று அந்த அறையில் யோசிக்க அவகாசம் இல்லை. மூன்று பூங்கொத்துகள் வீணானதற்கு என் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

ஹென்னிங்கை வேலையை விட்டு நீக்கவில்லை. வேன் ஓட்டக் கூடாது. சிகிச்சைக்குப் போக வேண்டும். முடிந்தபின் திரும்பலாம் என்றார்கள். சரியான ஏற்பாடுதான். நம் ஊரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்துவிட்டேன்.

அவர் தன் பொருட்களை எடுத்துப்போக ஒருநாள் வந்தார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்கவா, நலம் விசாரிக்கவா என்று தடுமாறினேன். அவரே பேசினார்.

"நீ முதலில் சொன்னதே நன்றாக இருந்தது. அப்போது எனக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். பூ வந்தது."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் பையை முன்கூடையில் வைத்துக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. வருவார் என்கிறார்கள், வரமாட்டார் என்றும் சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் என் எதிரில் இப்போது யாரும் உட்காருவதில்லை. வேண்டுமென்று அல்ல. அவரவருக்கு இடம் இருக்கிறது.

மெட்டே விஷயத்தை எல்லோருக்கும் சொன்ன அந்த வாரமும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு பீர் திறந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் பார்க்கக் குடிப்பது ஒன்று, ஒளித்துக் குடிப்பது வேறொன்று. எனக்கு இரண்டும் ஒரே மணம். இதை விளக்குகிற அளவுக்கு என்னிடம் மொழி இல்லை. மொழி வந்த பிறகு கேட்க ஆள் இருப்பார்களா என்பதும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை நான் வாங்கிய பீரை நானே மேசையில் வரிசையாக வைத்தேன். லஸ்கர் மகள் பிறருக்குப் புட்டி எடுத்துக் கொடுக்கிறாள். எல்லோரும் எனக்காகப் புட்டியை உயர்த்தினார்கள். ஆரஞ்சுச் சாறு வைத்திருந்த நானும் உயர்த்தினேன். முதல் முறையாக நான்கு மணி வரை இருந்தேன். கேசரி தீர்ந்துவிட்டது. யாரும் ஹென்னிங்கைப் பற்றிப் பேசவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு ஊருக்கு வீடியோவில் பேசுவோம். அங்கே பிற்பகல் இரண்டரை. இந்த வாரம் கணவருக்கு வேலை; நானும் இனியாவும் மட்டும். இனியா பாதி தமிழும் பாதி டேனிஷுமாகப் பேசினாள். அம்மா எல்லாவற்றுக்கும் "அப்படியா தங்கம்" என்றாள்.

"தாத்தா எங்க?"

"தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்லடா, படுத்திருக்காரு."

இனியா எழுந்து போய் வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்து வந்தாள். பள்ளியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மற்ற குழந்தைகள் படம் வரைந்து அனுப்ப வேண்டும். தாத்தாவுக்கு அவள் இப்படி வரைந்த படங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் தாத்தா கட்டிலில், வாயில் தெர்மாமீட்டரோடு படுத்திருக்கிறார். ஒன்றைக்கூட நான் தபாலில் சேர்த்ததில்லை.

இந்தத் தடவையும் கட்டிலை வரையத் தொடங்கினாள். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அம்மா, அப்பா குடிச்சிருக்காரா?"

என் வாழ்க்கையில் அம்மாவிடம் இப்படிக் கேட்டதில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி பேச்சு இது. புள்ள பக்கத்துல இருக்காளா?"

"இல்ல."

"மாப்ள?"

"வேலைக்குப் போயிருக்காரு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"காலையிலேர்ந்து" என்றாள்.

"அவர்ட்ட குடு."

"இப்ப எதுக்கு? நாளைக்குப் பேசேன், நல்லாயிருப்பாரு."

"குடிச்சிருந்தாலும் பரவால்லம்மா. குடு."

குடித்திருக்கும் அப்பாவோடு நான் பேசியதே இல்லை. சின்ன வயதிலிருந்து, அந்த நேரத்தில் அவர் தூங்குகிறவர், நாங்கள் சத்தம் போடாமல் நடக்கிறவர்கள். செய்யக் கூடாததைச் செய்கிறேனோ, அம்மாவை அழ வைக்கிறேனோ, ஹென்னிங்கை அம்பலப்படுத்தியது போல இவரையும் செய்கிறேனோ என்று மறுபடி மறுபடி தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் திரையில் உத்தரம் வந்தது, மின்விசிறி வந்தது, அம்மாவின் கட்டைவிரல் வந்தது. பிறகு அப்பா.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். இத்தனை கடல் தாண்டி மணம் வராது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்று கைக்குள்ளிருந்தே கேட்டார்.

"சாப்பிட்டேன்பா. நீங்க?"

"நான் இப்ப நல்லால்லம்மா" என்றார்.

"தெரியும்பா. சும்மா பேசுங்க."

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா பக்கத்திலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. அவர் தலையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார். பிறகு மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினார். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தது, என் பெயர் விழுந்தது. மற்றதெல்லாம் கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கையை எடுங்கப்பா, கேக்கல" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எடுத்தார்.